இருநூற்றுப் பன்னிரண்டாவது ரீல்

என் ஓவனில் நான் கேக் சுட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டு மாவிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு மேல் மூக்கை நீட்டி, "என்ன ஹேசல், இன்னைக்கும் பிளாஸ்டிக்கைத்தான் வேக வைக்கிறீங்களா?" என்பாள். அவள் சொல்வதில் தவறில்லை. அந்தக் காலத்து டேப்புகள் வயதானால் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் மேல்பூச்சு உரிந்து, பாட்டெல்லாம் பழுப்புத் தூளாக மெஷினில் உதிர்ந்து கிடக்கும். ஐம்பத்து நான்கு டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து எடுத்தால் ஒரு மாதம் தாங்கும். அதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும். நடுவில் மட்டும் கதவைத் திறக்கக் கூடாது.

இதை முதலிலேயே சொல்கிறேன், சார்ஜென்ட் யார்ட்லி. நேற்று நடந்ததற்குக் காரணம் இதுதான். கிளைவ் மாபட் கதவைத் திறந்தான்.

நீங்கள் கிளைவைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். ஆனால் இருபத்தெட்டு வருடம் பின்னால் போய் வரிசைப்படி சொன்னால்தான் புரியும். வரிசை தப்புவது எனக்குப் பிடிக்காது.

லக்ஸ் கார்மடியை உங்களுக்குத் தெரிந்திருக்காது, உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கண் இமையில் வெள்ளிப் பூச்சு, இறுக்கமான சாட்டின் சட்டை, ஐந்து அங்குலக் குதிகால் வைத்த வெள்ளி பூட்ஸ். எழுபத்திரண்டிலும் எழுபத்து மூன்றிலும் அவன் மேடையேறினால் பெண்கள் மயங்கி விழுவார்கள், பையன்கள் அக்காக்களின் கண்மைப் பென்சிலைத் திருடுவார்கள். அவன் உண்மைப் பெயர் லெனார்ட் டப், எங்களுக்கு லெனி. டாகன்ஹாமில் கார் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். நான் லண்டன் சோஹோவில் அவன் பாடிய ஸ்டூடியோவில் டேப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். ரீலைப் பெட்டியில் வைப்பது, முதுகில் தேதியும், எத்தனையாவது தடவை எடுத்தது என்ற டேக் எண்ணும் எழுதுவது, அலமாரியில் அடுக்குவது. யாராவது விடுப்பில் போனால் மெஷினையும் நானே ஓட்டுவேன். டிரம்ஸ்காரன் பாரி என்னைப் பார்த்தால், "கன்னிகாஸ்திரீ வந்தாச்சு, எல்லாரும் வாயைக் கழுவிக்கோங்கப்பா" என்பான். லெனி அவனை அதட்டுவான். "அவளைச் சீண்டாதே. நாம செத்தப்புறம் நம்மளை வெச்சுக் காப்பாத்தப் போறவ அவதான்."

அவன் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெளியான பாட்டில் இருப்பது லெனி அல்ல. அது துடைத்து, மெருகு போட்டு, தயாரிப்பாளர் சம்மதித்த பிறகு கிடைத்த சாமான். வெளிவராத டேக்குகளில்தான் அவன் இருந்தான். வரி மறந்து சிரிப்பான், இருமுவான், பியானோவில் தப்பாகக் கை வைத்துக் கெட்ட வார்த்தை சொல்வான். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஹேசல் கண்ணு, இன்னொரு தடவை போடு" என்பான். இருநூற்றுப் பதினொரு ரீல்களில் அந்த வாக்கியம் நூற்று அறுபத்து மூன்று முறை வருகிறது. ஸ்டூடியோவை மூடியபோது இந்த ரீல்களையெல்லாம் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். நான் வாடகை வேன் பிடித்து நாலு நடையில் பென்ஜில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றிலிருந்து ரசிகர்களுக்காகப் பதினோரு தொகுதிகள் வெளியிட்டிருக்கிறேன். இடையில் வரும் பேச்சை மட்டும் வெட்டிவிடுவேன். பொதுமக்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

எழுபத்தைந்து டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை, லெனி தொலைபேசியில் அழைத்தான். அந்த வசந்தத்திலேயே குடியை விட்டிருந்தான், பூட்ஸையும் விட்டிருந்தான். குரலே மாறிப் போயிருந்தது.

"ஹேசல் கண்ணு, வியாழக்கிழமை வர்றேன். டெமோ, வெளிவராதது எல்லாத்தையும் எடுத்து வை. காந்தத்துல காட்டி ஒண்ணு விடாம அழிச்சிடலாம்."

"எதுக்கு லெனி?"

"கேக்க சகிக்கலடி. பூனை பிரசவிக்கிற மாதிரி கத்தியிருக்கேன். நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்து வித்தான்னா? வேண்டாம். அது என்னோடது, நானே அழிச்சிட்டுப் போறேன்."

சரி என்றேன். அவனிடம் நான் எப்போதும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஸ்டூடியோவில் கட்டுப்பாட்டு அறையும் டேப் அலமாரியும் தெரு மட்டத்தில் இருந்தன. பாடும் கூடம் நிலவறையில். நடுவே பத்தொன்பது கான்கிரீட் படிகள். படிக்கட்டில் எதிரொலி நன்றாக விழும் என்பதால் அதன் அடியில் ஒரு மைக்கை நிறுத்தி வைப்பது வழக்கம். லெனியின் பாதிப் பாட்டுகளில் வரும் அந்தக் கோயில் மணிக் குரல் அங்கே எடுத்ததுதான். அன்றும் மைக் இருந்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்க மறந்திருந்தேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தான். காலில் டென்னிஸ் ஷூ. ஏழு பெட்டிகளை அடுக்கி எடுத்துக்கொண்டான், கடைசிப் பெட்டி தாடையை இடித்தது.

"காந்தம் கீழதானே இருக்கு?"

"கீழதான்."

"நீ ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? உன் புருஷனையா கொளுத்தப் போறேன்?"

படிக்கட்டின் உச்சியில், "கொடு, நான் பிடிச்சுக்கறேன்" என்று பெட்டிகளை வாங்கிக்கொண்டேன். "நீ தங்கம்டி" என்றான். பெட்டிகளைச் சுவரோரம் நேராக வைத்தேன். பிறகு அவன் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினேன். ஒரு நொடிக் கோபம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. முதலில் வார்த்தையாக இல்லை. ஒடிந்த கால் எலும்பு துணியோடு உரசும் சத்தத்தை நல்ல மைக் இருந்தால் தெளிவாகக் கேட்கலாம். அம்மாவைக் கூப்பிட்டான். பாரியைக் கூப்பிட்டான். ஆம்புலன்ஸ் என்றான். கடைசியில் மைக் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மேடைக்காரன், அதற்கு நேராகத் திரும்பித்தான் பேசினான். "ஹேசல் கண்ணு, அதை நிறுத்து."

நிறுத்தினேன். பதினோரு நிமிடம் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு அவன் எவ்வளவு நேரம் இருந்தான் என்பதற்குப் பதிவு இல்லை.

வெள்ளி பூட்ஸ் கடைசிச் சுற்றுப்பயணத்திலிருந்தே அலமாரியில் கிடந்தது. ஒடிந்த காலில் அதை மாட்டுவது சுலபமல்ல; பாதம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் போகும். குதிகாலைப் பிடித்து முறுக்கி இழுத்தேன். கணுக்கால் இன்னும் சூடாக இருந்தது. டென்னிஸ் ஷூவை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மரண விசாரணையில் எல்லாரும் பூட்ஸைத்தான் குற்றம் சொன்னார்கள். டேப் அலமாரிப் பக்கம் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பதினோரு நிமிடத்தை 211ஆம் ரீலிலிருந்து பிளேடால் வெட்டி எடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் அடுப்பில் போட்டிருப்பார்கள். என்னால் ஒரு டேப்பை அழிக்க முடியாது. அதற்காகத்தானே எல்லாம் நடந்தது. சின்ன ரீலில் சுற்றிப் பெட்டியில் வைத்து, தேதி எழுதி, எண்ணும் கொடுத்தேன். 212. படிக்கட்டு.

இனி கிளைவ். தபால்காரன், முப்பத்தெட்டு வயது, லெனியின் மேல் உயிர். போன வருடத்திலிருந்து ரீல்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். ஞாயிறுதோறும் கஸ்டர்ட் டார்ட் வாங்கி வந்து டீயில் மூன்று சர்க்கரை போட்டுக் குடிப்பான். "இடையில பேசற பேச்செல்லாம் எங்கேன்னு ரசிகருங்க என்னைத் துளைக்கிறாங்க. எங்க, உங்க தலகாணிக்கு அடியில தூங்குதா?" என்று கிண்டல் செய்வான். நல்ல பையன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

நேற்று டார்ட் வாங்கி வரவில்லை. கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றான்.

"ஹேசல், 211 இருக்கில்ல, அதுல ஒரு வெட்டு இருக்கு. வெட்டுக்கு அப்புறம் காலி டேப். அந்தக் காலி இடத்துல சத்தத்தை ஏத்திப் பாத்தேன்."

டேப் சுருண்டு கிடக்கும்போது ஒரு சுற்றில் இருக்கும் சத்தம் அதன் மேல் படுத்திருக்கும் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அதை நிழல் என்போம். இரண்டு நொடிக்கு மேல் இருக்காது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த இரண்டு நொடியையும் சேர்த்து வெட்டியிருக்கலாம். தேவைக்கு மேல் ஒரு அங்குலம் வெட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

"'ஹேசல் கண்ணு, அதை நிறுத்து'ன்னு இருக்கு. குடிச்ச குரல் இல்ல. பாடின களைப்பும் இல்ல. நான் நூறு தடவை கேட்டுட்டேன். அடிபட்டவன் குரல் அது." ஒரு அடி முன்னால் வந்தான். "பெட்டியில இருக்கிற தேதி அவர் செத்த தேதி. நீங்க எதுவும் கேக்கலைன்னு சொன்னீங்களே?"

மேசையில் 212இன் காலிப் பெட்டி இருந்தது. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகச் சூடு கொடுத்து வந்தேன், அதன் முறை வந்துவிட்டது. முறை வந்ததை நான் ஒத்திப்போட்டதில்லை. கிளைவ் பெட்டியின் முதுகைப் படித்தான். பிறகு ஓவனைப் பார்த்தான்.

"உள்ள இருக்கா? அது உள்ள இருக்கா ஹேசல்?"

"இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு கிளைவ். உக்காரு, டீ போடறேன்."

"டீயா?" என்றான். "போலீசுக்குக் கொடுக்கப் போறேன். மத்ததெல்லாம் லெனியோட தம்பி கிட்டப் போகட்டும். லெனி அழிக்கச் சொல்லியிருந்தார்னு அந்தத் தம்பி சொல்றாராமே, அழிச்சுத் தொலைக்கட்டும்."

கதவைத் திறந்தான்.

லெனி அன்று கேட்ட அந்த ஸ்டூடியோ காந்தம் என் அடுக்களை அலமாரியில் இருந்தது. இஸ்திரிப் பெட்டி மாதிரி, ஆறு கிலோ இரும்பு. யாரும் பயன்படுத்தக் கூடாதென்றுதான் வீட்டில் வைத்திருந்தேன்; இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட மின்சாரத்தில் செருகியதில்லை. முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்தான், அதனால் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. இரண்டாவது அடி விரல்களுக்கு. விரல் விட்டால்தானே கதவு மூடும். இரண்டு ஒடிந்தன, இரண்டு விடவில்லை. அதனால் இன்னொன்று. பிறகு தலைக்கு மூன்றோ நான்கோ. காந்தத்தின் விளிம்பில் முடியும் வேறு ஏதோவும் ஒட்டிக்கொண்டதால் துடைத்துத் துடைத்து அடிக்க வேண்டியிருந்தது. கதவை மூடினேன். முள் நாற்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. நான் பயந்த அளவுக்கு இல்லை.

அவன் தொண்டையில் கொஞ்ச நேரம் சத்தம் வந்துகொண்டிருந்தது. வானொலியைப் போடலாமா என்று நினைத்தேன். மரியாதையாக இருக்காது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கேட்பது என் தொழில்.

பன்னிரண்டரைக்கு இறந்தவனைப் பற்றிச் சொல்ல ஏன் ஐந்தரைக்குத்தான் எங்களுக்கு ஃபோன் செய்தீர்கள் என்றீர்கள். ரீல் காலை ஒன்பதரைக்கு உள்ளே போனது, சார்ஜென்ட். எட்டு மணி நேரம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிலிருந்து ஒரு மாதம்தான் இருக்கிறது. தடயம் என்று அதைப் பையில் கட்டி ஈரமான அறையில் போட்டுவிடாதீர்கள். விஷயம் தெரிந்த ஆளிடம் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். லெனி அவ்வளவு சுத்தமாக எங்கேயும் பதிவானதில்லை. பன்னிரண்டாவது தொகுதியில் அது கடைசியாக வர வேண்டும்.

ஏற்றுபவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆரம்பத்தில், லெனியின் குரலுக்கு முன்னால், ஏதோ படிப்படியாக உருண்டு விழும் சத்தம் ஒன்று வரும். பழுது என்று வெட்டிவிட வேண்டாம். அது டேக் ஒன்று, மணல் மூட்டை. மைக் ஸ்டாண்டுகள் சாயாமலிருக்க வைத்திருப்போமே, அவற்றில் மூன்றைச் சேர்த்துக் கட்டி, அவன் எடைக்குச் சரியாக, அன்று காலை நானே உருட்டினேன். ஒலி அளவு சரியாக வைக்க வேறு வழி இல்லை. டேக் இரண்டுதான் அவன்.

மற்றபடி, நான் முன்பே சொன்னேன், அது ஒரு நொடிக் கோபம்.