நாய்க்கு வாங்கிய இன்சுலின்

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஐஸ் போட்ட டப்பா ஒன்று. “நாய்க்கு இன்சுலினுங்க்கா” என்றார். மூத்தவர் முழுதாகத் திரும்பினார்.

“நாய்க்குச் சக்கரையா?”

“ஆமாங்க்கா. தெருவுல கெடந்த நாய்ங்களக் கொண்டாந்து வளக்கறாங்கல்ல, அங்க குட்டி ஒண்ணு கேக்கத்தான் போனோம். இது கெழட்டு நாய். வியாதியச் சொன்னதும் எல்லாரும் வேண்டாம்னுட்டுப் போயிருவாங்களாம். எங்கூட்டுக்காரரு அதுகிட்டயே உக்காந்துட்டாரு. ‘எனக்குந்தான் சக்கரை இருக்குது, என்னைய விட்டுட்டா போயிட்டே?’ன்னு எங்கிட்டக் கேட்டாருங்க.”

“ஊசி யாரு போடறது?”

“அவரேதானுங்க. அது சோறு தின்னப்பறம் போடோணும். முன்னயெல்லாம் தோட்டத்துக்குப் போனா சோத்துக்கே வரமாட்டாரு, நான் கத்திக்கிட்டுக் கெடப்பேன். இப்ப நேரமானா ஓடி வந்தர்றாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சோறு உங்கறாங்க.”

“எத்தன நாளைக்கு உசுரோட இருக்குமாம்?”

“தெரியலீங்க்கா. வந்த புதுசுல ஒருக்கா மயங்கி விழுந்துருச்சு. அவரு மடியில போட்டுக்கிட்டு அழுதுட்டாரு. இப்பத் தேவலைங்க. கண்ணுதான் ரெண்டும் போச்சு. ஆனாலும் நேத்துக் கோழியத் தொரத்துச்சு.”

“கண்ணு தெரியாம எப்படித் தொரத்தும்?”

“கோழி சும்மா இருந்தா இதுக்குத் தெரியாதுங்க்கா. அது பயந்து கத்திக்கிட்டே ஓடுது, சத்தத்துக்கு இது பின்னாலயே போகுது. அவரு வரப்புல நின்னு, ‘இந்தப் பக்கம், இந்தப் பக்கம்’னு இதுக்கு வழி சொல்றாருங்க.”