கீழ்க்குழாயில் பனி

— எஞ்சின் சூடேறிப் போச்சா? வெளியில மைனஸ் ஐம்பத்தி ரெண்டு! கிழவா, காலையிலேயே ஏத்திக்கிட்டியா?

— நீயே முள்ளைப் பாரு, கிழவி. சிவப்பைத் தாண்டி நிக்குது.

— ஆனா ஹீட்டர் குளிர்காத்து ஊதுதே... என் கால் விரல் மரத்துப் போச்சு.

— அதான் எனக்கும் இடிக்குது. இரு, இறங்கிப் பாக்குறேன்.

— ரேடியேட்டர் முன்னாடி கட்டின அட்டையை எடுத்துடேன். காத்துப் பட்டா ஆறுமில்ல?

— ஐயையோ, அதுல கை வைக்காதே! ம்... மேல்குழாய் கொதிக்குது. கீழ்க்குழாய்... இந்தா, தொட்டுப் பாரு.

— அம்மாடி! ஐஸ் கட்டி!

— ரேடியேட்டருக்குள்ளயே உறைஞ்சு அடைச்சுக்கிச்சு. கூலன்ட் சுத்தி வர வழியில்லாம எஞ்சின் வேகுது.

— சரியாகுமா, பாஹிலாய்? அங்க நம்ம பொண்ணு குன்னெய் வலியில துடிச்சுக்கிட்டிருக்கா. முதல் பிரசவம். அம்மா வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன்... இந்த ஆத்துப் பனிமேல உக்காந்திருக்கேனே!

— ஆகும், ஆகும். கம்பளியை எடு. முன்பக்கம் முழுசா மூடு. கொஞ்சம் ஓட விட்டு, கொஞ்சம் அணைச்சு... அந்தச் சூட்டுலயே உருகிடும்.

— நல்ல கூலன்ட்தானே ஊத்தினோம்? அது எப்படி உறையும்?

— தண்ணி கலந்திருந்தா உறையும்.

— ...

— ...

— ஏன், பேச்சைக் காணோம்?

— உன் பேச்சையுந்தான் காணோம், மொத்யா.

— ரெண்டே லிட்டர்! கிரிலா வந்தான். கடையில கூலன்ட் ஒரு சொட்டு கிடையாதாம். அவன் பொண்ணுக்கு மூச்சுத் திணறலு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நின்னான். நம்ம வண்டியிலிருந்து பிடிச்சுக் குடுத்துட்டு, அந்த இடத்துக்குத் தண்ணி ஊத்தினேன்.

— என் தம்பிக்கா?

— மூணு வருஷமா நீ மூஞ்சி குடுக்காத தம்பிக்குத்தான். நம்ம வீட்டுப் பால் ஒரு கரண்டி அங்க போகக் கூடாதுன்னியே... திட்டு. நல்லாத் திட்டு.

— ...

— திட்டித் தொலையேன்! இப்படி நின்னா எனக்குப் பயமா இருக்கு.

— யோசிக்கிறேன். ரெண்டு லிட்டர் தண்ணி கலந்தா கூழாத்தான் ஆகும். இப்படிக் கட்டியாகாது.

— அப்போ?

— நாலு லிட்டராவது கலந்திருக்கணும். வண்டி சூடான கொட்டகையில நின்ன வரைக்கும் தெரியலை.

— நான் ரெண்டுதான் ஊத்தினேன், சத்தியமா!

— தெரியும்... நீ மாடு கறக்கப் போனப்ப எங்கிட்டயும் வந்து நின்னான். அண்ணிக்குத் தெரிய வேணாம்னான். மிச்ச ரெண்டு லிட்டர் நான் பிடிச்சுக் குடுத்துட்டுத் தண்ணி ஊத்தினது.