அடுப்பு மேல பில்டர்

— பெட்ரோல் பில்டரக் கொண்டு போயி சைலன்சர் குழாய்க்கு மேலயா மாட்டுவீக, ஹமீது அண்ணே?

— தாயி முத்தாத்தா, ஒர்க்‌ஷாப்புக்குள்ள வந்ததும் வராததுமா ஏன் இந்தச் சத்தம்? பானட்டத் தொறந்ததும் கண்ணுல படணும்னு வச்சேன். குப்பை சேந்தா ஒடனே தெரியும்லா.

— கண்ணுல படணும்னு அடுப்பு மேலயா வைக்கது? கூமாப்பட்டியில தேங்கா ஏத்திக் கெளம்புனா கிருஷ்ணன்கோயில் வரைக்கும் ஒழுங்கா வருது. அங்குன வந்ததும் பொசுக்குனு நின்னுருது. பில்டர் மேல ஈரத்துணியப் போட்டுச் செத்த நேரம் ஒக்காந்தா பொறவு ஓடுது.

— ஓகோ, சூட்டுல பெட்ரோலு உள்ளயே ஆவியாயிருதோ?

— ஆமா பின்ன? இட்லிச் சட்டியாட்டம்.

— இத யாரு தாயி ஒங்களுக்குச் சொன்னா?

— யாரு சொல்லணும்? மூணு நாளா ரோட்டோரம் ஒக்காந்துருக்கேன், வேற என்ன சோலி? பம்புக் கிண்ணத்தயும் கழத்திப் பாத்தேன். அடியில அம்புட்டும் துரு.

— டாங்கு பழசுல்லா. மிலிட்டரிக்காரன் ஏலத்துல விட்ட ஜீப்பு. எனக்கே மூத்தது தாயி அது.

— அப்ப பில்டரு பம்புக்கு முன்னாடில்ல இருக்கணும்? துரு பம்புக்குள்ள போன பொறவு புடிச்சு என்ன புண்ணியம்?

— சரி தாயி, ரெண்டா வச்சிருவோம். ஒண்ணு டாங்குக்கும் பம்புக்கும் நடுவுல, கல்லு அடிக்காம சேஸு சட்டத்துக்கு உள்பக்கமா. இன்னொண்ணு கார்பரேட்டருக்கு முன்னாடி, சூடு படாத ஓரத்துல. போதுமா?

— பில்டர்ல இருக்க அம்புக்குறி என்ஜின் பக்கம் பாக்கணும்.

— அதயுமா சொல்லித் தருவீக! தொழுதுட்டு வந்து சாயங்காலமா மாட்டட்டா?

— இப்பவே மாட்டுங்க. நாளைக் காலம்பற எங்க வீட்டுக்காரவுக லீவுல வாராக. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு நான்தான் ஜீப்ப எடுத்துட்டுப் போறேன்.

— நீங்க ஓட்டுறது ஐயாதுரைக்குத் தெரியுமா?

— தெரியாது. டிரைவர் நின்னதுலருந்து வண்டி தொழுவுல கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. தம்பிகிட்ட ஓட்டப் படிச்சு லைசென்ஸ் வாங்குனத நான் எழுதவே இல்ல. நேர்ல காட்டணும்னு ஒரு ஆச.

— நல்ல ஆசதான்.

— என்ன நல்ல ஆச! முந்தாநேத்து லெட்டர் வருது. வண்டிய விக்கப் போறேன், இதே ராஜபாளையத்துல ஒரு ஆளுகிட்டப் பேசியாச்சு, ஸ்டேஷனுக்கே வரச் சொல்லிருக்கேன், அங்கனயே சாவியக் குடுத்துருவேன்னு.

— பேரு போட்டுருந்துச்சா?

— இல்ல. யாரா இருந்தா எனக்கென்ன? அந்த ஆளு முன்னாலயே அவியள ஏத்திக்கிட்டு, கூமாப்பட்டி வரைக்கும் ஒரு எடத்துலயும் நிக்காம ஓட்டிக் காட்டுவேன். பொறவு விக்கட்டும், பாப்போம்.

— அம்புட்டுப் பிரியமா இந்த ஓட்ட ஜீப்பு மேல?

— மூணு மாசமா தோப்புத் தேங்காய நானே சந்தைக்குக் கொண்டாறேன் அண்ணே. வாசல்ல வந்து நிக்கிற யாவாரி சொன்னதுக்குத் தலையாட்டுனது போதும். இது போச்சுன்னா மறுபடி அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். என்னண்ணே, ஸ்பேனரக் கீழ போட்டுட்டு நிக்கீக?

— ஒண்ணுமில்ல தாயி. அந்தக் கிளிப்ப எடுங்க. ம்... இறுக்கியாச்சு. இந்த உச்சி வெயில்லயே சேத்தூர் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வாங்க. நின்னா என்னையக் கேளுங்க.

— அண்ணே! போயிட்டு வந்துட்டேன்! ஒரு தடவ கூட இருமல!

— இனி நிக்காது. நாளைக்கு ஸ்டேஷன்ல ஐயாதுரை யாரையாவது தேடுனா, ராஜபாளையத்துக்காரன் வரலைன்னு சொல்லிருங்க தாயி. வண்டிய வாங்குறேன்னு சொன்னது நாந்தான்.