வெற்றிச்செல்வி தேர்ந்தெடுத்த லைப்ரரி

இந்தப் பச்சைச் சுடிதார் இவளுக்கு எடுப்பாகவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெற்றிச்செல்வி என் மேசை முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பெரம்பலூரில் எங்களுடையது சின்ன சாப்ட்வேர் ஆபீஸ். எல்லோரும் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதி வளர்ந்தவர்கள். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பிரித்து வைத்தால்தான் எங்களுக்குக் கை ஓடும். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் இணையதளம் ஒன்று செய்யும் வேலை வந்தபோது, அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த புரோகிராம் தொகுப்பு, தேடும் வேலையை முதலாளி பாலசுந்தரம் சார் என்னிடம் கொடுத்தார்.

இரண்டு தேறின. ஒன்று ஊரெல்லாம் பயன்படுத்துவது. எங்கள் பழக்கத்துக்குக் கோணல். மற்றது அப்படியே ஜாவா மாதிரி இருந்தது. ஆனால் அதை எழுதியவர் இனி பிழை திருத்தப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். பிரவுசரின் புதுப் பதிப்பு வந்தால் ஒருநாள் படுத்துவிடும். படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

அந்த வாரம்தான் என் அம்மா உடையார்பாளையத்திலிருந்து வந்தார். ஆபீஸ் வாசலில் நின்று, எங்களோடு வேலை பார்க்கும் வெற்றிச்செல்வியைப் பார்த்து, "நீ வேம்பு மவதானே?" என்றார். வேம்பு எங்கள் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கியவள். வெற்றிச்செல்வி நாற்காலியில் இருந்தபடியே, "ஆமாங்க. வாங்க, உக்காருங்க" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. மதியம் அவள் டப்பாவிலிருந்துதான் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொள்வேன். அவள் எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் அந்த இரண்டாவது லைப்ரரியை அவளுக்குக் காட்டினேன். "மீட்டிங்ல நீயே சொல்லு செல்வி. தேடுற வேலைய ஒன்கிட்ட விட்டுட்டேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். ஒன் தேர்வாவே இருக்கட்டும். பேரு கெடைக்கும்."

"நெசமாவாக்கா? இத இப்பவும் பாத்துக்கறாங்கள்ல?"

"எல்லாம் பாத்தாச்சு."

அழகாகப் பேசினாள். "நம்ம மர மண்டைக்குன்னே செஞ்சு வச்சிருக்கான்டா" என்று பக்கத்து சீட் அசோக் கிண்டலடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

தமிழ்ப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் தேடிய நேரத்தில் பிரவுசரின் புதுப் பதிப்பு வந்தது. சீட் காட்டும் திரை வெறும் வெள்ளையாக நின்றது. மாற்றி எழுத மாதக்கணக்கில் ஆகும். சார் கத்தவில்லை. "இதக் கொண்டாந்தது யாரு?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது.

"நீங்க காட்டித்தான் சொன்னேன்னு சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்றாள். "வேல போச்சுன்னா அம்மா மறுபடியும் ஒங்க தோப்புக்குத்தான் வரணும். போன வருசந்தான் நிறுத்தினேன். அதுக்கு முட்டி மடங்கலக்கா."

நான் எழுந்திருக்கவில்லை.

"நீ தேர்ந்தெடுத்ததுக்கு நான் எப்படிம்மா பேச முடியும்?" என்றேன். "அம்மாவக் காலையிலயே வரச் சொல்லு. வெயிலுக்கு முன்னாடி பொறுக்கிடலாம்."

அந்தக் குடும்பத்தை நான் கைவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.