இஷ்தியாக் டாக்டர் வீடு

— மறுபடியுமா ரஃபத்? தோல் டேனரியிலேர்ந்து வந்து நான் இன்னும் கால்கூட கழுவல. போகச் சொல்லு.

— எங்கங்க போகச் சொல்றது? திரைக்கு அந்தப் பக்கம் பாயில படுத்திருக்கா. நம்ம டேனரி ஜியாவுல்லா இருக்கான்ல, அவன் பொஞ்சாதி சுகரா பேகம். அவன் வாசல்ல நிக்கறான்.

— யார் வேணா நிக்கட்டும். நான் அந்த டாக்டர் இல்லன்னு சீமையிலேர்ந்து வந்த நாளா கத்திக்கிட்டிருக்கேன். ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறவெச்சா தோலுக்கு இன்னா ஆவுதுன்னு ஆராய்ச்சி பண்ணேன். அதுக்குக் குடுத்த பட்டம். ஒருத்தன் காதுலயாவது ஏறுதா?

— எப்படி ஏறும்? மாமா, தன் புள்ள டாக்டராயிட்டான்னு ஆசை ஆசையா, அம்மாம் பெரிய பலகையில 'டாக்டர் இஷ்தியாக் அகமது'ன்னு எழுதி மாட்டிட்டு மவுத்தாயிட்டாரு.

— ரொம்ப பேஜாரா இருக்கு. ஜும்மா முடிஞ்சு சலாம் சொல்லிக் கை குடுத்தா, கையை எடுக்காம நிக்கறான். நாடி பாக்கணுமாம். கல்யாண வீட்டுல பிரியாணியை வாயில வைக்கறேன், எதிர்ல ஒரு பெரியவர் நாக்கை நீட்டிக் காட்டறாரு. சரி, நான் தோலுக்குத்தான் டாக்டர்னு சொல்லிப் பார்த்தேன். மறுநாளே ஒருத்தன் சொறி சிரங்கோட வந்துட்டான். அலுத்துப் போச்சு ரஃபத்.

— உங்க அலுப்பு அப்புறம் இருக்கட்டும். இவளுக்கு எட்டாம் மாசம். மூஞ்சி, கை, காலு எல்லாம் வீங்கிக் கெடக்கு. தலை வெடிக்குதாம். கண்ணு மங்கலா தெரியுதாம்.

— அப்போ வேலூருக்குக் கூட்டிட்டுப் போகட்டும். அங்க லேடி டாக்டருங்க இருக்காங்க.

— அதை நீங்க வெளிய போய் அவன்கிட்ட சொல்லுங்க. டாக்டரா சொல்லுங்க.

— நீயே சொல்லியனுப்பேன்.

— நான் சொன்னா அது பொம்பளை பேச்சு. நீங்க சொன்னதா சொன்னாத்தான் வண்டி ஸ்டேஷனுக்குப் போவுது. உங்க டேனரி ஆளு ஒருத்தன் பொஞ்சாதி தில்ஷாத், அவ அப்படித்தான் போய்ப் பொழைச்சா.

— தில்ஷாத்தா? அவளுக்கு நான் எப்போ சொன்னேன்?

— நீங்க எங்க சொன்னீங்க? 'டாக்டர் உடனே வேலூர் போகச் சொல்றாரு'ன்னு நான்தான் சொன்னேன். அவளுக்கு மட்டுமில்ல.

— தௌபா, தௌபா! என் பேரை வெச்சு வைத்தியம் பண்ணிக்கிட்டிருக்கியா?

— வைத்தியம் இல்லங்க. ஒரு கஷாயம்கூடக் குடுத்ததில்ல. ரயில் ஏறச் சொன்னேன், அவ்ளோதான். எல்லாம் கோஷாவுல இருக்கறவங்க, உங்க முன்னாடி வரப் போறதில்ல. நான் திரைக்குள்ள கேக்கறேன், உங்ககிட்ட வர்ற மாதிரி வந்து திரும்பிப் போறேன். நீங்க சொன்னதா நினைச்சுக்கறாங்க.

— அந்தப் பட்டத்துக்காகக் குளிர்ல செத்துப் பொழைச்சவன் நான். அதை வெச்சுப் பொய் சொல்ல எனக்கு வராது. அங்க போய் அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?

— வீட்டுலயே வெச்சிருந்தா மட்டும்? எங்க குர்ஷித் அக்காவுக்கும் இதே வீக்கம், இதே தலைவலிதாங்க. வாணியம்பாடியில உள்ளயே படுக்க வெச்சு ஓதி ஊதினாங்க. அக்காவும் போயிட்டா, வயித்துல இருந்த பிள்ளையும் போச்சு. டாக்டர் சொல்றேன், கூட்டிட்டுப் போன்னு சொல்ல ஒருத்தர் இல்ல.

— அழாத. சரி, இந்த ஜியாவுல்லா இன்னாதான் சொல்றான்?

— நான் எங்க அவன்கிட்ட பேசினேன்? கதவிடுக்குல பார்த்தேன், தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நீங்களே வந்து சொல்லாம அனுப்ப மாட்டான். இந்தப் பாசஞ்சரை விட்டா காலையிலதான் அடுத்த ரயிலு. அதுவரைக்கும் இவ தாங்க மாட்டா.

— போய்ப் பேசறேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன், சொல்லிட்டேன்.

— என்னங்க, டாக்டர்ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் கெடுத்துடாதீங்க!

— ஜியாவுல்லா, இப்படி வா. உன் பொஞ்சாதிக்கு உடம்பு மோசமா இருக்குப்பா. ஆனா அந்தப் பலகையைப் பார்த்து நீ ஏமாறக் கூடாது. நான் உடம்பு பார்க்கற டாக்டர் இல்ல. தோலைப் பத்திப் படிச்சவன். என் பேச்சைக் கேக்கணும்னு உனக்கு ஒண்ணும் கட்டாயமில்ல. இருந்தாலும் உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், அவளை வேலூருக்குக் கூட்டிட்டுப் போ.

— ஐயய்யோ, மெதுவா பேசுங்க சாப்! அது டேனரியில யாருக்குத் தெரியாது? தில்ஷாத் புருஷனுக்கே தெரியுமே, தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனான். நாங்க வந்த வண்டி தெருவுலயே நிக்குது, நேரா ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். எங்க அம்மாதான் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, டாக்டர் சொல்லாம வேலூருக்கு விடமாட்டேன்னு அடம் பிடிக்குது. கொஞ்சம் வந்து அதட்டிச் சொல்லுங்க சாப். நீங்க தோலு படிச்சவருன்னு அதுக்கு மட்டும்தான் தெரியாது.