தகர வாயில் வைத்த சந்தனம்

பெயர் மாயாண்டி, தகப்பனார் ராமசாமி, வயது நாற்பத்திரண்டு, தொழில் தகர வேலை, குடியிருப்பு கோலா சாவா அருகே ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடு. ஜப்பான் கணக்கில் 2603-ம் வருடம், அதாவது 1943, பத்தாம் மாதம், சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் இழுத்து வராமல் நானே வந்து சொல்வதாவது:

எங்கள் தோட்டத்துக் குன்றின்மேல் ஜப்பான் ராணுவத்தார் கம்பி வலையில் பெரிய சட்டி போல ஒன்றை நிறுத்தி, கெமாஸ் பக்கமிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து வந்தார்கள். சட்டியில் விழும் அலை அதன் முன்னால் ஓரிடத்தில் குவியும், அங்கே அதை வாங்கிக்கொள்ள ஒரு தகர வாய் வேண்டும் என்று ரேடியோ மாஸ்டர் ஒக்காடா அரைகுறை மலாயில் சொன்னார். அவர் கோடு போட்டார், நான் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். வாய் சிறுத்தால் சட்டிக்கு வெளியே உள்ள இரைச்சலும் சேர்ந்து வந்தது. அகன்றால் சட்டியின் நடுப்பகுதி மட்டும் பயன்பட்டு ஓரமெல்லாம் வீணானது. அதன் பிறகு இருவரும் வெட்டுவதும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்ததில், ஒருநாள் அலையின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் ஏறி மேலேயே நின்றது. ஒக்காடா என் முதுகில் தட்டினார். பால் வாளி செய்தே காலம் தள்ளிய எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. மழைக்காக வாயை மெழுகுத் துணியால் மூடினோம்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. பொரிக்கு வழியில்லாமல் மரவள்ளிக்கிழங்கு அவித்துப் படைத்தோம். கத்தரி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த பிறகு, என் கையால் செய்த நல்ல பொருள் குன்றின்மேல் வெறுமையாக இருப்பது மனசுக்கு ஒப்பவில்லை. ஒக்காடா டவுனுக்குப் போயிருந்தார். காவலாளி ஆம்புரோஸ் வேதக்காரர், சந்தனம் தொடாதவர். அவரே குன்றின் வேலிக் கதவுச் சாவியை எடுத்து, "செஞ்ச கைக்கு ஒரு மரியாதை வேணாமா? போயி வச்சிட்டு வாங்கண்ணே, நான் பார்த்துக்கறேன்லா" என்றார். நான் மெழுகுத் துணி முழுக்கத் தாராளமாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டு இறங்கினேன்.

இரவுப் பனியில் சந்தனம் காயவில்லை போலும், மறுநாள் காலை முள் அசையவில்லை. வாயில் மஞ்சளாகப் பூசியிருந்ததைக் கண்ட சிப்பாய்கள், ஏதோ மருந்து தடவிக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி, சாவி வைத்திருந்த ஆம்புரோஸை அடித்து இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். எத்தனை அடி விழுந்தும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் தின்ற கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அதன் பிறகு நான் ஒக்காடாவிடம் ஓடி, அவர் பார்க்கவே சந்தனத்தைத் துடைத்தேன். முள் ஏறியது. திரும்ப ஈரச் சந்தனம் பூசினேன், இறங்கியது. துடைத்துவிட்டு வாயின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன், முள் அசையாமல் மேலேயே நின்றது. ஒக்காடா விழுந்து விழுந்து சிரித்தார். ஈரம் அலையைக் குடித்துவிடும் என்றார். பின்பக்கத்துப் பொட்டு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, என்னுடன் இங்கு வந்து இன்ஸ்பெக்டரிடமும் சொன்னார்.

அடுத்த வருடமும் வைப்பாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, வைப்பேன், பின்பக்கம் வைப்பேன் என்றேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். தமிழில் படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்பி,

(ஒப்பம்) மாயாண்டி

படித்தபோது உடனிருந்த சாட்சி:
(ஒப்பம்) ஆம்புரோஸ், காவலாளி, இன்று விடுவிக்கப்பட்டவர்