டெலிவரி சார்ஜ் மட்டும்

சும்மா கொடுக்கிறோம் என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். எங்கேயோ ஏமாற்று இருக்கிறது என்று ஒதுங்கிப் போவார்கள். 'பொருள் இலவசம், டெலிவரி சார்ஜ் மட்டும் கொடுங்கள்' என்று எழுதினால் நம்பிவிடுவார்கள். காசு கொடுத்து வாங்குகிறோம் என்ற கௌரவமும் இருக்கும், ஓசியில் கிடைத்த சந்தோஷமும் இருக்கும். பொருளின் விலை, அட்டைப் பெட்டி, விளம்பரச் செலவு, என் லாபம் எல்லாம் அந்தச் சார்ஜுக்குள்ளேயே அடக்கம். உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்தான். நீங்களும் இதுவரை தலையாட்டிக்கொண்டுதான் கேட்டீர்கள்.

முதலில் காய்கறி சீவும் கத்தி விற்றேன். பிறகு போனை நிறுத்திவைக்கும் தாங்கி, முதுகு சொறியும் குச்சி. சுமாராகப் போனது. அதன் பிறகு வந்ததுதான் குழந்தை கிளிப். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக். டயப்பரில் மாட்டிவிட்டால் குழந்தையின் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கும், பச்சை விளக்கு மினுக்கும். மூச்சு நின்றால் அலறும். மொத்த வியாபாரி அனுப்பிய படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

பெட்டி கட்டும் வேலையை என் மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டான். முதல் சரக்கு வந்த அன்றே ஒன்றைத் திருப்புளியால் திறந்து என்னிடம் கொண்டுவந்தான்.

"மாமா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லை. பேட்டரி, ஒரு குட்டி பல்பு, அவ்வளவுதான். அலறுறதுக்கு ஸ்பீக்கர்கூடக் கிடையாது."

"மினுக்குதுல்ல?"

"மேஜை மேல வெச்சாலும் மினுக்குது. மேஜைக்கு மூச்சு நல்லா வருதுன்னு சொல்லுது."

நான் சிரித்துவிட்டேன். எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிற பையன். "மூடி ஒட்டுடா" என்றேன். அவன் சிரிக்காமல் திறந்த கிளிப்பை மூடினான். பிறகு டேப்பை எடுத்தான். அந்த மாதக் கடைசியில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று போய்விட்டான். அவனை இதில் இழுக்காதீர்கள்.

விளம்பரம் முதலில் எடுபடவில்லை. கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தைகளின் படத்தைப் போட்டிருந்தேன். நன்றாக இருக்கும் குழந்தையின் பெற்றோர் எதற்கு இதை வாங்குவார்கள்? குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கென்று இணையத்தில் குழுக்கள் இருக்கின்றன. நானும் ஒரு தகப்பன் என்று சொல்லிச் சேர்ந்தேன். அங்கே பெண்கள் மனம்விட்டு எழுதுவார்கள். இன்று யார் முழித்திருக்கும் முறை, மூக்கருகே எத்தனை தடவை விரல் வைத்துப் பார்த்தார்கள் என்றெல்லாம். அதைத்தான் விளம்பரத்தின் முதல் வரியாக வைத்தேன்: 'இன்னும் மூக்கருகே விரல் வைத்துத்தான் பார்க்கிறீர்களா?' சரக்கு நிற்கவில்லை.

நீங்கள் கேட்கிற பெண் தையல் வேலை செய்பவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை, அதுவும் குறைமாதம். தூக்கத்தில் மூச்சு தடைபடலாம், சில மாதம் கண்காணியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருவரும் முறை வைத்து முழித்திருக்கிறார்கள். கிளிப் போய்ச் சேர்ந்ததும் அவளாகவே ஒரு வீடியோ அனுப்பினாள். குழந்தை தூங்குகிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது, பக்கத்தில் இவள் முகம்.

"அண்ணா, பாப்பா பொறந்ததுலேர்ந்து நேத்துதான் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்கினோம். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

விளம்பரத்தில் போடலாமா என்று அனுமதி கேட்டேன். தாராளமாகப் போடுங்கள் என்றாள். கேட்காமல் எதையும் செய்யவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் போட்ட விளம்பரங்களிலேயே நன்றாக ஓடியது அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து மறுபடியும் செய்தி வந்தது.

"அண்ணா, பச்சை லைட்டு எரிஞ்சிட்டேதான் இருந்துச்சு. பாப்பா எந்திரிக்கல. நான் தப்பா மாட்டிட்டேனா?"

கோபமில்லை, திட்டவில்லை. நான் தப்பிக்க ஒரு கதவை அவளே திறந்துவிட்டிருந்தாள். 'மிகவும் வருந்துகிறோம். சரியான இடத்தில் பொருத்தாவிட்டால் கருவியால் மூச்சை உணர முடியாது. பயன்படுத்தும் முறையில் இதைத் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறோம்' என்று பதில் அனுப்பினேன். பெட்டிக்குள் பயன்படுத்தும் முறை என்று எதுவும் அதுவரை கிடையாது. அன்றே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

"சரிங்கண்ணா" என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "அப்போ நான்தான்" என்று இன்னொன்று. அதில் கேள்வி எதுவும் இல்லாததால் பதில் அனுப்பவில்லை.

அடுத்த மாதம் அவள் தற்கொலை செய்துகொண்டது எனக்குத் தெரியாது. பெட்டியில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு கணவர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. சண்டைக்கு வரவில்லை. கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவ கவனக்குறைவா மாட்டினதுக்கு உங்களச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது. அந்த விளம்பரத்த மட்டும் எடுத்துடுங்க. வேலைக்கு நடுவுல போனத் திறந்தா அவ சிரிக்கிறா. பக்கத்துல பாப்பா தூங்குது."

"இன்னைக்கே எடுத்துடறேன்" என்றேன்.

அவர் அப்போதும் தன் மனைவிமீதுதான் தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார். துக்கத்தில் இருப்பவரைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. விளம்பரத்தை எடுக்கவும் இல்லை. அவர் குடியிருக்கும் பகுதியில் மட்டும் அது வராதபடி மாற்றிவைத்தேன். அவருக்கு வேண்டியது தன் கண்ணில் படக்கூடாது என்பதுதானே. வேறு ஊரிலிருக்கும் அவருடைய தங்கை கண்ணில் பட்டதால்தான் அவர் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு வீடுகளில் குழந்தை எழுந்திருக்கவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு யாரும் எழுதவில்லை.

உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியுமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். தெரியும். முதல் பெட்டியை ஒட்டச் சொன்னபோதும் தெரியும், அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதியபோதும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று என் வீட்டைச் சோதித்தபோது தொட்டிலில் இருந்த மூச்சைக் கவனிக்கும் கருவியைப் பற்றிக் கேட்டீர்களாம். அது நான் விற்றதல்ல. எனக்கும் போன மாதம் மகள் பிறந்திருக்கிறாள், அவளும் குறைமாதம்தான். ஆஸ்பத்திரி வாசல் கடையில் முழு விலை கொடுத்து வாங்கினேன். "நம்மகிட்டயே பெட்டி பெட்டியா கிடக்கே, எதுக்கு வெளியில வாங்கறீங்க?" என்று மனைவிகூடக் கேட்டாள்.

"பெத்த புள்ள விஷயத்துல ஓசியெல்லாம் பாக்கக் கூடாது" என்றேன். பிள்ளைமேல் அக்கறை உள்ள எந்தப் பெற்றோரும் அப்படித்தான் செய்வார்கள்.